குரோமை விடலாமா? நீங்கள் எந்த பிரவுசரில், ஏன் நிலைத்திருக்கிறீர்கள்?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து நான் குரோம்தான். வேறு ஒன்றைத் தேடவேண்டும் என்று தோன்றியதே இல்லை. 2025இல் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நின்றுபோனது. முதலில் "இனி ஆதரவு இல்லை" என்று ஓர் அறிவிப்பு வந்தது, மறுபடி ஆன் செய்துகொண்டேன். அப்புறம் அந்தப் பொத்தானையும் காணோம். இப்போது யூபிளாக் லைட் போட்டிருக்கிறேன். மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் முன்பு தெரியாத சில விளம்பரங்கள் எட்டிப்பார்க்கின்றன.

பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாம் குரோமுக்குள் குவிந்து கிடக்கிறது. போன் ஆண்ட்ராய்டு. அலுவலக மீட்டிங் எல்லாம் பிரவுசரிலேயே. வெறும் விளம்பரத்துக்காக வீடு மாறுவது தகுமா? மாறினால் எங்கே? ஒரே பிரவுசரில் வருடக்கணக்கில் இருப்பவர்கள், ஏன் அதிலேயே இருக்கிறீர்கள் என்று சொன்னால் உதவும். "எல்லாம் ஒன்றுதான்" என்ற பதிலையும் ஏற்கிறேன், காரணத்தோடு வந்தால்.

---

தேங்காய் பொறுக்கி எழுதியது:

எல்லாம் ஒன்றுதான். காரணம்: எதைத் திறந்தாலும் என் 4 ஜிபி ராமை ஒரே வேகத்தில்தான் தின்கிறது.

---

நிரலி எழுதியது:

வெப் டெவலப்பராக இருப்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "கூகுள் ஆட்பிளாக்கரையே தடை செய்துவிட்டது" என்று பரவுவது பாதி உண்மைதான்.

நடந்தது மேனிஃபெஸ்ட் வி3. எக்ஸ்டென்ஷன்களுக்கு, அதாவது பிரவுசரில் கூடுதலாகப் போடும் சிறு நிரல்களுக்கு, குரோம் வகுத்த புதிய விதிமுறை அது. பழைய முறையில், ஒரு பக்கத்தைத் திறக்கும்போது வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் பிரவுசர் நிறுத்தி, "இதை அனுப்பலாமா?" என்று எக்ஸ்டென்ஷனைக் கேட்கும். யூபிளாக் தன் சொந்த நிரலை ஓட்டிப் பார்த்து முடிவு சொல்லும். புதிய முறையில் அப்படி நிறுத்திக் கேட்பது கிடையாது. எதை எல்லாம் தடுக்கவேண்டும் என்று முன்கூட்டியே ஒரு விதிப்பட்டியலைக் கொடுத்துவிடவேண்டும், மிச்சத்தை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். பட்டியலின் நீளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதைப் புதுப்பிக்கப் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷனின் அடுத்த பதிப்பு ஸ்டோர் வழியாக வரவேண்டும். விளம்பரத் தளங்கள் நாள்தோறும் முகவரியை மாற்றிக்கொண்டிருக்கும்போது இது எவ்வளவு இழுக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். லைட் பதிப்பு எட்டிப்பார்க்க விடுவது அதனால்தான்.

கூகுள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். எல்லாக் கோரிக்கையையும் பார்க்க முடிகிற எக்ஸ்டென்ஷன் கெட்டவன் கையில் போனால் எல்லாவற்றையும் திருடலாம். ஆனால் விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனி, விளம்பரத் தடுப்பானைச் சுருக்கும் முடிவை எடுத்துவிட்டு, பாதுகாப்பு மட்டும்தான் காரணம் என்றால் எனக்கு ஜீரணமாகவில்லை.

2024 நடுவில் எச்சரிக்கை காட்ட ஆரம்பித்தார்கள். 2025 ஜூனில் வந்த குரோம் 138தான் பழைய முறைக்குக் கடைசி. ஃபயர்ஃபாக்ஸ் இரண்டு முறைகளையும் வைத்திருக்கிறது, அதனால் யூபிளாக் ஆரிஜின் அங்கே முழுதாக ஓடுகிறது. பிரேவ், விவால்டி இரண்டிலும் தடுப்பான் பிரவுசருக்குள்ளேயே இருப்பதால் இந்த விதிமுறை அவற்றைத் தொடாது.

உங்களுக்கு யூபிளாக் ஆரிஜினேதான் வேண்டும் என்றால் ஃபயர்ஃபாக்ஸ். விளம்பரம் போனால் போதும், பழக்கம் மாறக்கூடாது என்றால் பிரேவ்.

---

பழைய பதிவர் எழுதியது:

வலைப்பதிவு எழுத ஆரம்பித்த 2005இலிருந்து நெருப்பு நரிதான். இன்றைக்கு ஃபயர்ஃபாக்ஸ் என்று முழுப் பெயர் சொல்ல வாய் வரவில்லை.

அன்றைக்கு அதில் தமிழ் படிப்பது அத்தனை சுகமாக இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். செய்தித் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருக்கும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் திறந்தால் எழுத்துரு தானாக இறங்கித் தமிழ் தெரியும். நரியில் பூச்சி பூச்சியாக ஆங்கிலக் குறிகள். 'பத்மா' என்ற ஆட்-ஆன் போட்டால் அந்தப் பூச்சிகளை யூனிகோடாக மாற்றிக் காட்டும். தட்டச்சுக்கு 'தமிழ்விசை' என்று இன்னொன்று. நெட் சென்டரில் எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவ விடமாட்டார்கள், ஆனால் நரிக்குள் தமிழ்விசையைப் போடுவதை யாரும் தடுத்ததில்லை. என் ஆரம்பகாலப் பதிவுகள் பல அப்படித் தட்டியவைதான்.

இன்னொரு தொல்லையும் இருந்தது, பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். பதிவை இருபக்கமும் சமமாக 'ஜஸ்டிஃபை' செய்திருந்தால், ஃபயர்ஃபாக்ஸ் 2 வரை தமிழ் உடைந்து தெரியும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். பதிவைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன், "ஐயா, ஜஸ்டிஃபையை எடுத்துவிடுங்கள், நரியில் படிக்கமுடியவில்லை" என்று பின்னூட்டம் போடுவோம். 2008 ஜூனில் 3ஆம் பதிப்பு வந்ததும் அது தீர்ந்தது. வெளியான நாளில் 24 மணி நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேல் பதிவிறக்கம் என்று கின்னஸில் ஏறிய பதிப்பு அதுதான். அந்த 80 லட்சத்தில் நானும் ஒருவன்.

இவ்வளவு தொல்லைக்கு நடுவே ஏன் இருந்தேன் என்றால், எதிரில் இருந்தது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, சுருக்கமாக ஐஇ 6. அது 2001இல் வந்தது. அடுத்த பெரிய பதிப்பு 2006இல்தான். போட்டி இல்லை என்றதும் மைக்ரோசாஃப்ட் ஐந்து வருடம் அப்படியே விட்டுவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் பாப்-அப் குதிக்கும். டேப் கிடையாது. நரி 2004 நவம்பரில் 1.0 ஆக வந்தபோதே இரண்டையும் சரிசெய்திருந்தது.

நரி எனக்கு நல்லது மட்டுமே செய்ததா என்றால் இல்லை. 2017இல் குவாண்டம் என்று 57ஆம் பதிப்பு வந்தபோது வேகம் கூடியது, ஆனால் பழைய ஆட்-ஆன்கள் கூட்டமாகச் செத்தன. 2019 மே மாதம், நரியை உருவாக்கும் மொசில்லாவின் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, உலகம் முழுக்க எல்லோருடைய ஆட்-ஆன்களும் ஒரே இரவில் முடங்கின. 2025 பிப்ரவரியில் பயன்பாட்டு விதிகளை மாற்றி, "உங்கள் தகவலை ஒருபோதும் விற்கமாட்டோம்" என்ற பழைய வாக்குறுதியைத் தளத்திலிருந்து எடுத்தார்கள். 'விற்பனை' என்பதற்குச் சில சட்டங்களில் பொருள் மிக அகலம் என்று விளக்கம் வந்தது. விளக்கம் சரியாகவே இருக்கலாம். வாக்குறுதியை எடுத்துவிட்டுப் பிறகு விளக்கியதுதான் எனக்குக் கசந்தது.

ஆனாலும் இருக்கிறேன். கன்டெய்னர் டேப் என்று ஒன்று உண்டு. அலுவலக மெயில், சொந்த மெயில், வங்கி மூன்றையும் ஒரே ஜன்னலில் தனித்தனி நிறத்தில், ஒன்றின் குக்கீ மற்றொன்றுக்குத் தெரியாமல் திறந்து வைக்கலாம். குரோமில் இதற்கு ஆளுக்கொரு புரொஃபைல், தனித்தனி ஜன்னல். அந்த ஒரு வசதி போதும் எனக்கு.

---

ஸ்பீட் டயல் எழுதியது:

பிரவுசர் விசுவாசம் பற்றிப் பேச எங்களை விட்டால் யார்? ஓபெராக்காரர்கள் காசு கொடுத்து பிரவுசர் வாங்கிய கூட்டம். காசு கொடுக்காதவர்களுக்கு மேலே ஒரு விளம்பரப் பட்டை ஓடும். 2005 செப்டம்பரில்தான் முழுதும் இலவசமானது.

நார்வேயில் டெலினார் என்ற தொலைபேசிக் கம்பெனியின் ஆய்வுப் பிரிவில் 1994இல் பிறந்தது ஓபெரா. யோன் வான் டெட்ஸ்னர், கெயிர் இவர்சாய் என்ற இருவர். மவுஸை இழுத்தே கட்டளை கொடுக்கும் மவுஸ் ஜெஸ்சர், பிடித்த தளங்களைப் புதுப் பக்கத்தில் அடுக்கிக் காட்டும் ஸ்பீட் டயல் இவற்றை எல்லாம் மக்கள் முதலில் பார்த்தது எங்களிடம்தான். மெயில் பார்க்க வேறு மென்பொருளே தேவையில்லை, அதுவும் உள்ளேயே இருந்தது. இத்தனைக்கும் பதிவிறக்கக் கோப்பு சின்னது. டயல்-அப்பில் இறக்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கொஞ்சம் கதை சொல்கிறேன். 2003இல் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் தளம், வருபவர் ஓபெரா என்று தெரிந்தால் மட்டும் பக்கத்தைக் குலைத்துக் காட்டும் ஒரு ஸ்டைல் கோப்பை அனுப்பியது. ஓபெரா வழக்குப் போடவில்லை. 'போர்க் பதிப்பு' என்று ஒன்றை வெளியிட்டது. அதில் எம்எஸ்என் தளத்தைத் திறந்தால் மட்டும் எழுத்தெல்லாம் பொம்மை நிகழ்ச்சியில் வரும் ஸ்வீடன் சமையல்காரரின் உளறலாக மாறிவிடும். மற்ற தளங்கள் எல்லாம் வழக்கம்போல். 2005இல் 8ஆம் பதிப்பு வந்தபோது, நாலு நாளில் பத்து லட்சம் பதிவிறக்கம் தாண்டினால் நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்கு நீந்திப் போவேன் என்று டெட்ஸ்னர் சொல்லிவிட்டார். தாண்டிவிட்டது. மனிதர் உண்மையிலேயே கடலில் இறங்கினார். துணைக்கு வந்த ரப்பர் படகு ஓட்டையானதால் சீக்கிரமே கரைக்குத் திரும்பிவிட்டார்கள். இன்றைக்கு எந்த கம்பெனித் தலைவர் இப்படிச் செய்வார்?

முடிவு எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின் ஓபெராவுக்குச் சொந்தமாக இருந்தது, பெயர் பிரெஸ்டோ. தளம் செய்பவர்கள் ஐபோனையும் குரோமையும் மட்டும் பார்த்து, அவை ஓடிய வெப்கிட் எஞ்சினுக்கென்றே எழுத ஆரம்பித்தார்கள். 2012இல் ஓபெராவே வேறு வழியில்லாமல் வெப்கிட் பெயரிட்ட சில கட்டளைகளைத் தன் எஞ்சினில் ஏற்றது. அப்போதே எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. 2013 பிப்ரவரியில் பிரெஸ்டோவைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். அந்த அறிவிப்பிலேயே 30 கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பெருமை வேறு. ஜூலையில் ஓபெரா 15 வந்தது. பெயரும் சிவப்பு 'ஓ'வும் அதேதான். உள்ளே மெயில் இல்லை, முறையான புக்மார்க் வசதிகூட இல்லை. நான் 12ஐ விடாமல், தளங்கள் ஒவ்வொன்றாக உடையும்வரை ஓட்டினேன். 2016இல் ஒரு சீன முதலீட்டுக் குழு பிரவுசரை வாங்கிக்கொண்டது.

டெட்ஸ்னர் அதற்கு முன்பே வெளியேறி, 2015இல் விவால்டியின் முதல் முன்னோட்டத்தைக் காட்டினார். இப்போது நான் அங்கே. ஜெஸ்சர், மெயில், டேப்களை அடுக்கும் வசதி எல்லாம் உண்டு. எஞ்சின் மட்டும் குரோமியம், குரோமுக்குள் ஓடும் அதே எஞ்சின். இரண்டாவது முறை அந்தச் சண்டையைப் போட அவரிடமும் தெம்பில்லை போல.

---

நிரலி எழுதியது:

> எஞ்சின் மட்டும் குரோமியம்

அந்த 'மட்டும்' தான் பிரச்சினையே, ஐயா. விவால்டி 2019 டிசம்பரில் 2.10 வெளியிட்டபோது, தளங்களிடம் தன்னைக் குரோம் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தது. காரணம், எஞ்சின் ஒன்றாக இருந்தும் பெயரில் விவால்டி என்று கண்டால் சில தளங்கள் உள்ளே விடவில்லை.

---

வடமராட்சியான் எழுதியது:

ஓபெரா என்றால் எங்களுக்கு மினிதான், ஸ்பீட் டயல் அண்ணை. ஊரில் ப்ரீபெய்ட் டேட்டாவை எண்ணி எண்ணிப் பாவித்த காலம். நோக்கியாவில் ஓபெரா மினி. பக்கத்தை அவர்களின் சர்வரே திறந்து, சுருக்கிப் போனுக்கு அனுப்பும். பத்தில் ஒரு பங்கு டேட்டா போதும்.

அந்த போனில் தமிழ் எழுத்துருவே இல்லை, எல்லாம் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். அப்போது ஒரு வலைப்பதிவில் படித்தேன்: முகவரிப் பட்டையில் ஓபெரா:கான்ஃபிக் என்று அடித்து, கடைசிக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் பாவிக்கவா என்ற இடத்தில் 'நோ'வை 'யெஸ்' ஆக்க வேண்டும். அவ்வளவுதான். சர்வர் தமிழைப் படமாக வரைந்து அனுப்பிவிடும். டேட்டா கொஞ்சம் கூடப் போகும், ஆனால் தமிழ் தமிழாகத் தெரிந்தது. எங்கள் வகுப்பில் அரைவாசிப் பேரின் போனில் நான்தான் அதை மாற்றிக் கொடுத்தேன்.

இப்போது பாவிப்பது குரோம். போனோடு வந்தது. மாற்றத் தோன்றவில்லை.

---

பழைய பதிவர் எழுதியது:

அந்த பிட்மேப் வித்தையைப் பதிவாக எழுதாத தமிழ் வலைப்பதிவர் அநேகமாக இல்லை. நானும் எழுதினேன். எனக்கு அதிகம் பேர் வந்த பதிவு இன்றுவரை அதுதான், இலக்கியம் எல்லாம் அதற்குக் கீழேதான்.

---

கொங்கு ஆடிட்டர் எழுதியது:

விசுவாசம், எஞ்சின் என்று பெரிய பேச்சாக இருக்கிறது. எங்கள் அலுவலக நிலவரத்தையும் கேளுங்கள்.

எந்த பிரவுசர் என்பதை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அரசுத் தளங்கள் எங்களுக்காகத் தேர்ந்தெடுக்கின்றன. டிஜிட்டல் கையெழுத்துக்கு டிஎஸ்சி டோக்கனை (கையெழுத்துச் சான்றிதழ் உள்ள யூஎஸ்பி) சொருகினால், ஒரு காலத்தில் ஜாவா ஆப்லெட் என்ற சிறு நிரல் பிரவுசருக்குள் பிளகின் வழியாக ஓடவேண்டும். 2015 செப்டம்பரில் குரோம் 45 அந்தப் பழைய பிளகின் முறையையே எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் 52ஆம் பதிப்போடு எடுத்தது. அப்புறம் ஐஇ ஒன்றுதான் கதி. 2022 ஜூன் 15இல் அதையும் மைக்ரோசாஃப்ட் மூடியது. இப்போது அவர்களின் எட்ஜ் பிரவுசருக்குள் ஐஇ மோட் என்று ஒன்று இருக்கிறது, 2029 வரையாவது இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் எல்லாத் தளமும் மாறிவிடும் என்று நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை.

பெயர் சொல்லவேண்டாம், ஒரு தளம் குரோமில் லாகின் ஆகும், பைலை ஏற்றாது. எட்ஜில் ஏற்றும், ரசீதைக் காட்டாது. ரசீதுக்கு மறுபடி குரோம். கடைசித் தேதிக்கு முந்தின இரவில் என் ஜூனியர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனிடம் போய் விசுவாசம் பற்றிக் கேளுங்கள்.

வைகைக்கரை தம்பிக்கு என் யோசனை: எதற்கு மாறினாலும் மாறுங்கள். எட்ஜை மட்டும் கணினியை விட்டுத் தூக்கிவிடாதீர்கள்.

---

தென்காசித் தம்பி எழுதியது:

உலா பிரவுசர் பற்றி யாருமே பேசவில்லையே? ஜோஹோ 2023 மே மாதம் கொண்டுவந்தது. வேலைக்கு, வீட்டுக்கு, குழந்தைகளுக்கு என்று தனித்தனி மோட். விளம்பரத் தடுப்பான் உள்ளேயே. மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025இல் முதல் பரிசும் அதற்குத்தான். எங்கள் பக்கத்து ஊரில் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனி. அமெரிக்கக்காரனுக்குக் கொடுக்கிற விசுவாசத்தில் கொஞ்சம் நமக்கும் கொடுக்கலாமே?

---

நிரலி எழுதியது:

தம்பி, உலாவை நானும் போட்டுப் பார்த்தேன், மோட் பிரித்திருக்கும் விதம் நன்றாகவே இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நானே சொல்வேன். என் வருத்தம் வேறு. உலா, பிரேவ், விவால்டி, எட்ஜ், இன்றைய ஓபெரா எல்லாமே குரோமியத்தில் ஏறியவை. வண்டிக்கு வண்டி பெயிண்ட் வேறு, சீட் வேறு, எஞ்சின் ஒரே தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலையில் பெரும்பகுதி வேலையைச் செய்வதும் திசையை முடிவு செய்வதும் கூகுள்.

மைக்ரோசாஃப்டிடம் இல்லாத பணமா? அவர்களே சொந்த எஞ்சினைக் கைவிட்டு 2020 ஜனவரியில் குரோமியம் எட்ஜோடு வந்தார்கள். மீதி இருப்பது ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸில் ஓடும் மொசில்லாவின் கெக்கோ. வெப்கிட் ஆப்பிள் சாதனங்களை விட்டுப் பெரிதாக வெளியே வருவதில்லை. விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் கூகுளுக்கு மாற்றாக ஒரு சாதாரண ஆள் நிறுவக்கூடிய எஞ்சின் கெக்கோ ஒன்றுதான்.

மேனிஃபெஸ்ட் வி3 விஷயத்தில் இதை நேரடியாகப் பார்த்தோம். குரோமியத்தில் ஒன்றை எடுத்துவிட்டால், அதன்மேல் கட்டியவர்கள் அதைத் தாங்களே பராமரிக்கவேண்டும், அல்லது அதற்குச் சுற்றுவழி தேடவேண்டும். எவ்வளவு காலம் முடியும்? பிரேவ் யூபிளாக் உள்ளிட்ட சில பழைய எக்ஸ்டென்ஷன்களைத் தானே வைத்துக் கொடுத்தது. அது பிரேவின் தயவில் நடப்பது.

---

கொங்கு ஆடிட்டர் எழுதியது:

நிரலி சார், நியாயம்தான். ஆனால் எஞ்சின் பன்மைக்காக என் கிளையன்ட் ஃபயர்ஃபாக்ஸ் போடவேண்டும் என்றால், அவர் ஏதோ ஓர் இடத்தில் "தயவுசெய்து குரோமில் திறக்கவும்" என்ற பலகையைப் பார்ப்பார். அந்தப் பலகையை எழுதுவது உங்கள் தொழில்காரர்கள்தானே? சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் சோதிக்காமல் விட்டதை, பயன்படுத்துகிறவன் விசுவாசத்தால் எப்படிச் சரிசெய்வான்?

---

நிரலி எழுதியது:

இதற்குப் பதில் சொல்ல முடியாது, சார். எங்கள் டீமில் ஃபயர்ஃபாக்ஸில் சோதிக்க நேரம் கேட்டால், எத்தனை சதவீதம் பேர் வருகிறார்கள் என்றுதான் மேலாளர் கேட்பார். சதவீதம் குறைவு, அதனால் சோதனை இல்லை. சோதனை இல்லை, அதனால் தளம் உடைகிறது. தளம் உடைவதால் சதவீதம் இன்னும் குறைகிறது. ஓபெராவுக்கு நடந்ததும் இதேதான்.

---

தோஹாவாசி எழுதியது:

ஐபோன்காரர்கள் நிம்மதியாக வேடிக்கை பார்க்கிறோம். குரோம் போடு, ஃபயர்ஃபாக்ஸ் போடு, உள்ளே எல்லாம் சஃபாரியின் வெப்கிட். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சிலிருந்து வேறு எஞ்சினுக்கு அனுமதி. எங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை, சுதந்திரமும் இல்லை.

---

சட்டப்பை எழுதியது:

பணத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மொசில்லா வருமானத்தில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது? ஃபயர்ஃபாக்ஸில் கூகுள் தேடலை இயல்பாக வைப்பதற்காக கூகுள் கொடுக்கும் பணம். அதாவது கூகுளுக்கு எதிரான ஒரே எஞ்சினுக்குச் சம்பளம் கூகுளிடமிருந்து.

அமெரிக்க அரசு கூகுள்மேல் போட்ட வழக்கில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். ஆப்பிளுக்கு மட்டும் 2022இல் 2,000 கோடி டாலர் கொடுத்திருந்தது அந்த வழக்கில்தான் வெளியே வந்தது. பரிகாரம் என்ன என்பதில், குரோமை விற்கவேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டது. இப்படிப் பணம் கொடுப்பதையே தடுத்தால் எங்கள் கதி என்ன என்று மொசில்லாவின் நிதி அதிகாரியே 2025 மே மாதம் நீதிமன்றத்தில் வந்து சொன்னார். செப்டம்பர் 2இல் வந்த முடிவு: குரோமை விற்கவேண்டாம், போட்டியாளருக்கு இடமில்லாத பிரத்யேக ஒப்பந்தம் கூடாது, ஆனால் பணம் கொடுக்கலாம். மொசில்லாவில் அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

நம் ஊரிலும் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விஷயமாக கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. குரோமையும் சேர்த்துப் போனில் கட்டாயமாகத் திணிப்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. வடமராட்சியான் சொன்னாரே, "போனோடு வந்தது, மாற்றத் தோன்றவில்லை" என்று. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை ஆயிரம் கோடி.

---

நெல்லைச் சீமை எழுதியது:

யூசி பிரவுசரை நினைத்துப் பார்க்க யாரும் இல்லையா? பெரிய பைலை பாதியில் நிறுத்தி, மறுநாள் நெட் பேக் போட்டுத் தொடரலாம். கிரிக்கெட் ஸ்கோர் தனியாக. 2020 ஜூன் 29இல் அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்று. தகவல் எங்கே போகிறது என்ற சந்தேகம் அதன்மேல் முன்பே உண்டு, அதனால் தடையைத் தப்பு என்று சொல்லவரவில்லை. நான் சொல்லவருவது, விசுவாசமாக இருந்து என்ன செய்ய?

---

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது ஆட்பிளாக்கர் பற்றி, நீங்கள் நார்வேக் கடல்வரை கூட்டிப்போய்விட்டீர்கள்.

லேப்டாப்பில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டேன். யூபிளாக் ஆரிஜின் பழையபடி வேலை செய்கிறது. பழைய பதிவர் ஐயா சொன்ன கன்டெய்னர் அருமை, இரண்டு ஜிமெயிலும் இப்போது சண்டை போடுவதில்லை. போனிலும் ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் போடமுடிகிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. குறை என்றால், அலுவலக மீட்டிங்கில் பின்னணி மங்கலாக்கும்போது விசிறி கொஞ்சம் அதிகமாகச் சுற்றுகிறது. அதற்கு மட்டும் எட்ஜ். ஆடிட்டர் சார் சந்தோஷப்படலாம்.

அம்மாவின் போனில் குரோமைத் தொடவில்லை. அவருக்குப் பொத்தான் இடம் மாறினாலே எனக்கு போன் வரும்.

ஒரு கேள்வி மிச்சம். புக்மார்க் வந்துவிட்டது. பாஸ்வேர்டை எடுத்துவர சிஎஸ்வி கோப்பு ஒன்றை குரோம் கொடுத்தது. திறந்து பார்த்தால் எல்லாம் அப்படியே படிக்கிற மாதிரி இருக்கிறது. இது சரிதானா?

---

பழைய பதிவர் எழுதியது:

சரிதான், அதனால்தான் பயப்படவேண்டும். அந்தக் கோப்பில் எந்தப் பூட்டும் கிடையாது. ஃபயர்ஃபாக்ஸில் பாஸ்வேர்டு பக்கத்துக்குப் போய், கோப்பிலிருந்து இறக்குமதி என்பதைக் கொடுங்கள். நாலைந்து தளங்களில் லாகின் செய்து பார்த்து, வந்திருக்கிறது என்று உறுதியானதும் கோப்பை ஷிஃப்ட் டெலிட் போட்டு அழித்துவிடுங்கள். டவுன்லோட் கோப்புறை கிளவுடில் தானாக ஏறும்படி வைத்திருந்தால் அங்கேயும் பாருங்கள். மெயிலில் அனுப்பிக்கொள்ளவே கூடாது.

புக்மார்க்கை எச்டிஎம்எல் கோப்பாக எடுத்திருந்தால் நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். இன்றைய குரோம் எழுதிய கோப்பிலும் நெட்ஸ்கேப் பெயர்தான் இருக்கும். 90களின் அந்த வடிவத்தை இன்றுவரை எல்லா பிரவுசரும் படிக்கும். நீங்கள் சுலபமாக வெளியே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

---

நிரலி எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன். பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் பாஸ்கீ வைத்திருந்தால் அது சிஎஸ்வியில் வராது. கூகுள் கணக்கில் சேமித்த பாஸ்கீகளைப் பட்டியல் எடுத்து, அந்தத் தளங்களில் போய்ப் புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். அதுவரை குரோமை அழிக்கவேண்டாம்.

---

வைகைக்கரை எழுதியது:

வங்கிக்கு ஒன்று, கூகுளுக்கு ஒன்று என்று இரண்டு பாஸ்கீ இருக்கிறது. இன்றிரவு செய்துவிடுகிறேன். சிஎஸ்வி மேசைத்திரையில் இருந்தது, அழித்தாயிற்று.

---

கொங்கு ஆடிட்டர் எழுதியது:

ஆபீஸ் கணினியிலா, வீட்டுக் கணினியிலா தம்பி? ஆபீஸ் என்றால் பேக்கப் எங்கே எடுக்கிறார்கள் என்று ஐடி ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.